பேர் போட எடமில்லாத கூரை

…இதுக்குப் பேரு ஆஸ்பத்திரியாண்ணே? சொட்டுது! நேரா என் முட்டியில சொட்டுது! கட்டுப் போட்ட முட்டின்னு அந்த மழைக்குக் கூடத் தெரியுது பாருங்க. நீங்க பேசாதீங்க, பேசாதீங்க. தாடையில இத்தாம் பெரிய கட்ட வச்சுக்கிட்டு என்னத்தப் பேசறது? சும்மா தலைய ஆட்டுங்க, போதும்.

என்னைத் தெரியலையா? லியுங் காம்-சிங். பட்டுக் கடை. இந்த ஃபோஷான் ஊர்ல என் கடையத் தெரியாதவன் துணியே உடுத்தாதவன். போன வருஷம் இந்த தர்ம ஆஸ்பத்திரிக்கு நான்தான் தலைவரு! ம்… தலைவரா இருந்தவனுக்கு ஒழுகுற கட்டிலு. குடுத்து வச்சது அவ்வளவுதான்.

நான் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல. வசூலுக்குப் போனா வியாபாரிங்க பின்வாசல் வழியா ஓடுவானுங்க. நான்தான் வழி கண்டுபிடிச்சேன். குடுக்கறவன் பேர குடுத்த சாமான்லயே எழுதிடுன்னேன். அவ்வளவுதான்! வரிசையில நிக்கிறான். கட்டில்ல பேரு, மருந்து காய்ச்சற அடுப்புல பேரு. உங்க கஞ்சிக் கிண்ணத்தப் பாருங்க, அடியில அரிசி மண்டிக்காரன் பேரு இருக்கும். குடிச்சு முடிச்சாத்தான் தெரியணும்னு அவன் ஆசை. இங்க ஊத்தற தண்ணிக் கஞ்சிக்கு மொதல்லயே தெரிஞ்சிடுது.

என்ன, என் தர்மமா? சவப்பெட்டி. சிரிக்காதீங்க, தாடை வலிக்கும். நாதியத்தவங்க செத்தா எலவசமா ஒரு பெட்டி. யோசிச்சுத்தான் குடுத்தேன். கட்டில் உள்ள கெடக்கும், எவன் பாக்கறான்? பெட்டி கடைத்தெரு முழுக்கப் போகும்ல!

மேல என்னத்தக் காட்டறீங்க? ஆமா, கூரை. அங்கதான் வந்து மாட்டுது. கூரைக்கு ஒருத்தனும் தரமாட்டேங்கிறான். ஓட்டு மேல பேர எழுதுனா காக்காதான் படிக்கும்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான். நியாயந்தானே?

ஒருத்தன் வந்தான்… நீங்க படுத்திருக்கீங்களே, அந்தக் கட்டிலக் குடுத்தவன். தலமாட்டுல பேரு இருக்கு பாருங்க, குவோக்னு, சோயா சாறு காய்ச்சி விக்கிறவன். அந்தக் கட்டிலு மட்டும் நனையல, அதையும் பாருங்க, அதிர்ஷ்டக்காரப் பய. கூட்டத்துல எந்திரிச்சு, "கூரைய நான் மாத்தித் தர்றேன், அம்மா வேண்டுதலு, பேரு மட்டும் போடாதீங்க"ன்னான். பேரு வேணாமாம்! எவ்வளவு திமிரு பாத்தீங்களா? அப்ப பேரு போட்டுக்கிட்ட நாங்கல்லாம் அல்பமா? ஊரே அவனத்தானே பெரிய மனுசன்னு சொல்லும்? முடியாதுன்னுட்டேன். பேரில்லாத தர்மத்த வாங்கக் கூடாதுன்னு அன்னைக்கே சட்டம் போட்டேன். எல்லாரும் கையத் தூக்குனாங்க. அவன் கும்புட்டுட்டுப் போயிட்டான்.

காலு எப்பிடி ஒடஞ்சுதா? அது… கூடத்துல தர்மம் குடுத்தவங்க படம்லாம் மாட்டியிருக்குல்ல? குவோக் படத்துக்கு மேல ஒரு சாண் ஏத்தி என் படத்த மாட்டலாம்னு முக்காலி போட்டு ஏறுனேன். தரையில ஈரம். ஏன் ஈரம்? கூரை ஒழுகுது. முக்காலி வழுக்கிடுச்சு. படத்துக்கு ஒரு கீறலும் இல்ல.

சரி விடுங்க, காலு சேந்துடும்னு எலும்பு வைத்தியர் சொல்லிட்டாரு. அந்த மூலக் கட்டிலு காலியா இருக்கு பாத்தீங்களா? நீங்க வர்றதுக்கு முன்னாடி அதுல ஒரு படகுக்காரப் பெரியவரு இருந்தாரு. கையில மீன்முள்ளு குத்துன காயம், அவ்வளவுதான். ஆறிக்கிட்டு வந்துச்சு. அங்க தாரையா கொட்டும். தொப்பலா நனைஞ்சாரு. அப்ப உங்க கட்டில்லயும் ஆளு, நகத்திப் போட எடமில்ல. காய்ச்சல் வந்துச்சு, இருமுனாரு, இருமுனாரு… "ஐயா, நீங்கதான தலைவரா இருந்தவரு, சித்த சொல்லுங்களேன்"னு என்கிட்டதான் கேட்டாரு. பாக்கறேன்னேன்.

நேத்து காலையில தூக்கிட்டுப் போனாங்க. இப்பிடித்தான், என் கால்மாட்டு வழியா. பெட்டி மேல பெருசா, செவப்பு எழுத்துல என் பேரு. நல்லாத்தான் எழுதியிருந்தான்… படுத்துக்கிட்டே படிக்க முடிஞ்சுது.

நேத்துலேருந்து கஞ்சி எறங்கல. இத நான் யார்கிட்ட… அண்ணே? அண்ணே! அட, எப்ப எந்திரிச்சுப் போனாரு? தலவாணியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே.

டேய் ஆ-சுன்! விளக்குமாத்தப் போட்டுட்டு இங்க வா. என்னை நகத்த வேணாம், அது கெடக்கட்டும். நேரா குவோக் வீட்டுக்குப் போ. நாளைக்கே ஆள விட்டுக் கூரையப் போடச் சொல்லு. பேரு வேணாம்னா வேணாம். சட்டமா? எழுதுனவன் நான்தானே, நானே அடிச்சுடறேன். ஓடு, மழை வலுக்குது.

ஏன்டா நிக்கிற? யாரு சொல்லி அனுப்புனாங்கன்னு அவரு கேட்டா என்ன சொல்றதா… கேட்டாருன்னா…

பேரு சொல்லாத.