கூரைக்கு அடியில் ஓர் அறை

கூரைக்கு அடியில் அறை கட்டுவதென்றால் எல்லோரும் முதலில் ஜன்னலைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியது படிக்கட்டைப் பற்றி. மேலே எவ்வளவு அழகான அறை இருந்தாலும் ஏறி இறங்க வழி வேண்டுமே.

எங்கள் வீடு இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில், மலைச்சரிவில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கல்வீடுகளில் ஒன்று. நானும் என் கணவர் க்ளிஃபர்டும் கல்யாணமான புதிதில் அங்கே குடிவந்தோம். அந்தச் சமையலறையில் எது எங்கே இருக்கிறதென்று என் கைக்கே தெரியும். பக்கவாதம் வந்து க்ளிஃபர்டின் இடது பாதம் மரத்துப்போனது. அதன் பிறகு, இந்த வீட்டை விற்றுவிட்டு பிரிட்லிங்டன் கடற்கரையில் மாடி இல்லாத வீடாகப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார்.

"படியே இருக்காது நோரீன். காலையில கடலப் பாத்துக்கிட்டே டீ குடிக்கலாம்."

"கடல்ல என்ன இருக்கு? தண்ணிதான?" என்றேன்.

சிரித்தார். நான் வேண்டாம் என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் ஊர் பேண்டில் யூஃபோனியம் வாசிப்பவர். குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துத் தூக்க வேண்டிய பெரிய பித்தளை வாத்தியம். முன்னறையில் அதை ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். மேலே கூரைக்கு அடியில் ஓர் அறை கட்டினால் நிம்மதியாக ஊதலாமே என்றேன்.

"இந்தக் கால வெச்சுக்கிட்டு மேலயா?"

"படி ஏறுனா காலுக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னாரே."

அறை கட்ட கெல்வின் என்பவர் வந்தார். க்ளிஃபர்ட் அப்போது பேண்ட் ஒத்திகைக்குப் போயிருந்தார். கெல்வின் கூரைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார். பின்பக்கக் கூரையைப் பெட்டிபோல வெளியே தள்ளி, நேர்ச்சுவர் எழுப்பி ஜன்னல் வைக்கலாம். தலை இடிக்காது, பழைய படிக்கட்டுக்கு நேர் மேலே அகலமான படிக்கட்டும் வரும். பின்கூரையை மொத்தமாகப் பிரித்துச் சுவராகவே ஏற்றிக் கட்டுவது இன்னொன்று. எங்களுக்கு அது அதிகம். இல்லையென்றால் கூரையைத் தொடாமல், சரிவிலேயே கண்ணாடி பதித்துவிடலாம். அப்படிச் செய்தால் நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்க முடியும். படியும் நடுவில்தான் வந்து சேர வேண்டும், சாதாரணப் படிக்கு அங்கே இடம் போதாது. அரைப்படிதான் போடலாம். ஒரு பலகையில் வலது காலுக்கு மட்டும் இடம் இருக்கும், அடுத்த பலகையில் இடது காலுக்கு மட்டும். மீதிப் பாதி வெட்டவெளி.

"பெட்டி மாதிரி எடுக்கறதுதான் உங்களுக்குத் தோது, நோரீன்ம்மா. இந்த அரைப்படியில கால் மாத்தி வெச்சா நேரா கீழதான். உங்க வீட்டுக்காரருக்கு வேற கால் சரியில்லங்கறீங்க."

"அவரு எதுக்கு மேல ஏறப்போறாரு? என் தங்கச்சி வந்தா தங்கறதுக்குத்தான்."

என் தங்கை கனடாவில் இருக்கிறாள். அவள் வருவதாக இல்லை. நான் இப்படிச் சொன்னதைக் கெல்வின் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொன்னது சரிதான்.

பெட்டி வைத்த வீடுகள் அளவு சேராத தொப்பி மாட்டியதுபோல இருக்கும் என்று க்ளிஃபர்டிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. சரிவில் கண்ணாடி பதிப்பதென்று முடிவானது.

அறை நன்றாக வந்தது. மழை பெய்தால் கண்ணாடியில் தாளம்போல விழும். அதோடு சேர்ந்து ஊதுவார். இறங்கும்போது ஒரு கை வாத்தியத்தை அணைத்திருக்கும், மறு கை படியோரக் கம்பியைப் பிடித்திருக்கும். அதனால் அவருக்குத் தன் பாதம் தெரியாது. நான் கீழே நின்று ஒவ்வொரு படிக்கும் "வலது", "இடது" என்று சொல்வேன்.

"நீ சொல்றப்ப செத்த காலுக்கும் உயிர் வந்துடுது கண்ணு" என்பார்.

குளிர்காலம் முழுக்க ஒருமுறைகூட அவர் கால் தவறவில்லை. நான் சரியாகத்தான் சொன்னேன். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சமையலறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மேல ரூம் வந்ததும் வீட்டுக்கு மவுசு கூடிருச்சாம். வெள்ளிக்கிழமை புரோக்கர் பாக்க வர்றாரு. நீ வாயே தொறக்காம காரியத்தச் சாதிச்சுட்ட பாரு! கடலு தண்ணிதானன்னு கேட்டியே, கள்ளி."

"நல்லது" என்றேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மேலே ஏறிப்போய்ப் பண்டிகைக்கான துதிப்பாட்டு ஒன்றை ஊதினார். கடைசி அடியை மட்டும் திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்தார். பிறகு சத்தம் நின்றது.

"நோரீன், வர்றேன்."

கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய் அரைப்படியின் அடியில் நின்றேன். உச்சிப்படி வலது காலுக்கானது. வாத்தியத்துக்கு மேலாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இடது" என்றேன்.

வைத்தார். விழும்போது அவர் சத்தம் போடவில்லை. பித்தளைதான் சத்தம் போட்டது.

மாடிக் குளியலறைக் கதவோரம் தலை சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது.

"வாத்தியம் நசுங்கிடுச்சா?"

"ஓரத்துல கொஞ்சம்."

"இடதுன்னா சொன்ன?" என்று கேட்டார்.

"இல்ல. வலதுன்னுதான் சொன்னேன்."

"அப்ப என் தப்புதான். மன்னிச்சுக்கோ கண்ணு. ஆம்புலன்ஸக் கூப்பிடுறியா?"

கூப்பிட்டாயிற்று என்று சொல்லி, ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டுக் கீழே வந்தேன். உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன். அது வெந்து, நான் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். மேலிருந்து அவர் என்னை அழைப்பது அதற்கு முன்பே நின்றிருந்தது.

வாய் தவறி வந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். எனக்கு நல்லது நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. வாய் தவறவில்லை. கெல்வின் என் மேஜையில் உட்கார்ந்து அரைப்படி என்று சொன்னபோதே, எந்த விதமான அறை வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் புரோக்கரிடம் பேசியது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். அதனால்தான் கடைசியில் மன்னிப்புக் கேட்டார். நான் அவரை மன்னித்துவிட்டேன்.