பேராசிரியர் மஸூதாவும் பெரியசாமியின் இதயப்பட்டையும்

ஏட்டில் பிறந்த எண்ணத்தை ஏரிக்கரை மக்களின் மார்பில் ஏற்றி வைத்த எங்கள் தலைவியே! பழவேற்காடு பெற்றெடுத்த பேரறிவே! பிழையென்றால் பெருவிருந்தையும் பாதியில் நிறுத்தும் பிடிவாதமே! பேராசிரியர் மஸூதா அம்மையே! உங்கள் பாராட்டு விழாவில் மீஞ்சூர் 'துடிப்பு' நிறுவனத்தார் அன்பால் அளிக்கும் மடல் இது.

பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டு உழைத்து அம்மையார் உருவாக்கியது இதயப்பட்டை. மார்பில் கட்டினால் துடிப்பைப் படிக்கும், தாளம் தப்பினால் மணி அடிக்கும். கட்டுரையாகி அச்சேறிப் பரிசும் பெற்றதை, "அலமாரியில இருந்தா யாரு உசுர காப்பாத்தும்?" என்று கேட்டு, கல்லூரி வேலையை உதறி நிறுவனமாக்கினார். வியர்வையும் உப்புத்தண்ணீரும் பட்டு முதல் நாற்பது பட்டைகள் பாழாயின. அடுத்தது தாக்குப்பிடித்தது. பசியாவரத்து மீனவர் முப்பது பேர் மூன்று மாதம் கட்டிப் பார்த்தார்கள். முடிவுகள் முத்து முத்தாக வந்தன. முதலீட்டாளர்கள் கையெழுத்திடப் பேனாவைத் திறந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அம்மையாரின் பொல்லாத கண்ணில் ஒன்று பட்டது. ஐம்பத்திரண்டு வயதுப் பெரியசாமியின் இதயம் மற்ற நாளெல்லாம் தடுமாறுகிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வாலிபனைப்போல் ஓடுகிறது! "நல்லாத்தானே இருக்குது மேடம், வுட்டுடுங்களேன்" என்று கெஞ்சினோம். அந்த வெட்கம் எங்களுக்கு இன்றும் தீரவில்லை. அம்மையார் அன்றே பசியாவரத்துக்குப் படகேறினார்.

ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை விடலாம் என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு. யார் பட்டை மணி அடிக்கிறதோ அவர் ஏரிக்குப் போகக் கூடாது என்பது நாங்கள் போட்ட விதி. பெரியசாமி தம் பாடு வரும் நாளில் பட்டையைக் கழற்றி, வாலிப மச்சான் கவியரசன் மார்பில் கட்டிவிட்டு வலையோடு போயிருக்கிறார்! "பாடு போனா திரும்ப எப்ப வரும்னு தெரியுமா மேடம்? நெஞ்சு வலி நாளைக்கும் இருக்கும்" என்றாராம்.

வேறொருவராயிருந்தால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வாங்கியிருப்பார். அம்மையார் உண்மையைச் சொன்னார். முதலீட்டாளர்கள் எழுந்து போனார்கள். விற்பனை ஓராண்டு தள்ளிப்போயிற்று. அவரோ பசியாவரத்து ஊர்க்கூட்டத்தில் நின்று, பட்டை மணி அடித்தவரின் பாடு அவர் குணமாகி வரும்வரை காத்திருக்கும் என்று ஊரை ஒப்புக்கொள்ள வைத்தார். பிறகுதான் பெரியசாமி மருத்துவமனைக்குப் போனார். அடைப்பு நீங்கித் திரும்பியவர் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

அம்மையே! இவ்வளவும் சொல்லி ஒன்றை மறைத்தால் நாங்கள் உங்கள் வளர்ப்பே அல்ல. சோதனைக்கென்று நீங்கள் கட்டியிருக்கும் பட்டை மூன்று வாரமாகத் தடுமாறியது. சென்ற திங்கட்கிழமை முதல் உங்கள் இதயத்துக்குத் திடீரென்று இருபத்தாறு வயதாகிவிட்டது! எங்களுள் இருபத்தாறு வயதுக்காரி தேவதர்ஷினிதான்; அவளைப் பிடித்து உலுக்கினோம். "ரிட்டையர் ஆகுற வரைக்கும் ஒரு நாள் கூட லீவு போட மாட்டேன்னு மேடம்தான் என் மேல கட்டிவுட்டாங்க" என்று அழுதுவிட்டாள்.

ஆகவே, நீடு வாழ்க என்று வாயால் மட்டும் வாழ்த்துவதாக இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு இதய மருத்துவரிடம் சொல்லிவைத்துவிட்டோம். அழைத்துப் போகப் பெரியசாமியே வருகிறார். ஆய்வுக்கூடத்தில் உங்கள் நாற்காலியில் எவரும் உட்கார மாட்டோம். குணமாகி வரும்வரை உங்கள் பாடு உங்களுக்காகக் காத்திருக்கும். பட்டையை மட்டும் நீங்களே கட்டிக்கொண்டு போங்கள், தாயே!

உங்கள் கோபத்துக்கும் அன்புக்கும் பழகிப்போன
'துடிப்பு' பணியாளர்கள்,
மீஞ்சூர்.