நடு எண்

மாலை நான்கு பத்துக்கு எனக்குத் தேநீர் இடைவேளை. பல் மருத்துவமனையின் பதிவறையில் வேலை. கோப்புகளை எண் வரிசையில் அடுக்குவேன். அந்த வியாழக்கிழமை, தேநீர் ஆறுவதற்குள் 6.3.9 பதிப்பை வெளியிட்டுவிட்டேன்.

எந்த விளையாட்டு என்று கேட்டீர்கள். துறைமுகம் கட்டிக் கப்பல் விடும் கணினி விளையாட்டு. உருவாக்கிய நிறுவனம் மூடிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நாற்பது பேர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறோம். மற்றவர்களுக்குத் தெரிந்தது எதையாவது மாற்றுவது மட்டும். மாற்றியது என்ன என்று உலகத்துக்குச் சொல்லும் எண்ணைப் போடுவது நான்.

விதி எளிது. கடைசி எண் மாறினால் ஏதோ சின்னப் பழுது நீங்கியிருக்கிறது. நடு எண் மாறினால் திரையில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. முதல் எண் மாறினால் சேமித்துவைத்த பழைய ஆட்டங்கள் திறக்காது. ஒரு பக்கத்தில் எழுதிவைத்தேன். ஒருவர்தான் முழுதாகப் படித்தார்.

அவரை லிஃப்ட் மாமா என்பார்கள். லிஃப்ட் பழுது பார்த்தவர். வலிப்பு வரத் தொடங்கியதும் வேலையை விட்டார். எல்லோருக்கும் மாமா, எனக்கு இல்லை. மின்னும் வெளிச்சம் அவருக்கு ஆகாது. நடு எண் மாறினால் அவர் மனைவி முதலில் ஒரு மணி நேரம் ஆடிப் பார்ப்பார். இவர் திரைக்கு முதுகைக் காட்டிச் சமையலறையில் இருப்பார். ஒருமுறை குழு அழைப்பில் கேட்டது.

“மின்னுதா?”

“ஒண்ணும் மின்னல. வெங்காயத்தை முழுசா நறுக்கிட்டு வாங்க.”

கடைசி எண் மட்டும் மாறினால் தனியாக ஆடுவார்.

அப்படிப்பட்டவர்தான் போன மாதக் கூட்டத்தில் பேசினார்.

“நம்பர் போட தனியா ஒரு ஆளா? எம் பொண்ணுக்குப் பேர் வைக்கக்கூட இவ்ளோ யோசிக்கலப்பா. என்ன மாத்தினோம்னு அவங்கவங்க குறிச்சா, மெஷினே போட்டுட்டுப் போகுது.”

சிரித்தார்கள். அது ஒன்று நன்றாக வரும் அவர்களுக்கு. வாக்கெடுப்பில் முப்பத்தொன்பதுக்கு ஒன்று. அடுத்த மாதம் முதல் இயந்திரம். அதுவரை நான்.

அந்த வாரம் ஓவியர் ஒருத்தி புயல் ஒன்றைச் செய்து அனுப்பினாள். துறைமுகத்தின் மேல் மின்னல். திரை முழுவதும் வெளுத்து வெளுத்து அணையும்.

“இது நடு நம்பர்தானே? மாமா இருக்காரே.”

“நான் பார்த்துக்கறேன்,” என்றேன். பார்த்துக்கொண்டேன்.

6.4.0 வந்திருக்க வேண்டும். குறிப்பில் ‘துறைமுகத்தில் சிறு திருத்தங்கள்’ என்று எழுதினேன். என் வழக்கறிஞர் இதைக் கவனக்குறைவு என்கிறார். அந்தச் சொல்லை நான் ஏற்க முடியாது. பதினோரு ஆண்டுகளில் என் எண்ணில் பிழை வந்ததில்லை. அவர் தனியாக உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஒன்பது.

ஐந்தேகாலுக்கு அவர் மனைவி பால்கனியில் இருந்தார். உள்ளே இவர் வலிப்பு வந்து நாற்காலியிலிருந்து விழுந்தபோது மேசை விளிம்பு தலையில் பட்டிருக்கிறது. மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது. கோப்பு எண் தவறாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரைக் கொல்ல நினைக்கவில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணுக்குப் பொருள் உண்டா இல்லையா என்பதுதான் எங்களுக்குள் இருந்த கேள்வி. இல்லை என்றவர் அதை நம்பியிருக்கக் கூடாது.

ஞாயிறன்று, அவருடைய கணக்கிலிருந்தே அந்த அம்மாள் குழு அழைப்பில் வந்தார். ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். ஒருவருக்கும் ஒரு வாக்கியம் ஒழுங்காக வரவில்லை. அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, இத்தனை ஆண்டுகளில் அந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாததைக் கேட்டார்.

“கடைசி நம்பர்தான் மாறியிருக்கு, நீ போய்த் துணியக் காயப்போடுன்னாரு. ஏம்பா, அந்த நம்பரை உங்கள்ல யாரு போடறது?”