ஏழாம் தடத்தின் கைச்சூடு

காகிதச் சுருளைக் கண்ணெனக் காத்தவரே! பன்னிரண்டு பேனாக்களைப் பதறாமல் பராமரித்த பண்பாளரே! மைக்கறை விரலால் எங்கள் மனக்கறை துடைத்த மாண்பாளரே! பெரியவர் சிறியவர் அனைவருக்கும் அக்காவானவரே! வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகளாக இந்த ஆய்வகத்தின் பதிவுக்கருவி உங்கள் பொறுப்பில் இருந்தது. பதினொரு குளிரறைகளின் வெப்பநிலையைப் பதினொரு பேனாக்கள் இடைவிடாது வரைய, தாளின் அடியில் ஓடும் அடிக்கோடு எது, காரணமில்லாமல் துள்ளும் இரைச்சல் எது, உண்மையான விலகல் எது என்று எங்களுக்குச் சலிக்காமல் சொல்லித்தந்தீர்கள். ஒரு பேனாவில் மை தீர்ந்தால் உங்கள் முகம் வாடும். எங்களுக்குக் காய்ச்சல் என்றபோதுகூட அத்தனை வாடியதில்லை, அதையும் இன்று சொல்லிவிடுகிறோம்.

பன்னிரண்டில் ஏழாம் பேனா வரையும் தடம் மட்டும் உபரி. பழுதுபார்த்த சென்சார்களைச் சோதிக்க உங்கள் கணவர், எங்கள் மெக்கானிக் அண்ணன், வைத்துக்கொண்டது. தினமும் காலை ஒன்பது பத்துக்குச் சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பார். பேனா முப்பத்தைந்து டிகிரிக்கு ஏறும். இரண்டு நிமிடம் கழிந்தும் வேண்டுமென்றே விடமாட்டார். நீங்கள் தலை நிமிராமலே, "போதும், விடுங்க" என்பீர்கள். கோடு இறங்கும். நீங்கள் ஓரத்தில் 'கைச்சோதனை சரி' என்று எழுதுவீர்கள்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவர் மறைந்தார். அந்தத் தடத்தின் கம்பியை நீங்களே வெட்டினீர்கள். பேனா அடிக்கோட்டில் படுத்துவிட்டது. அவர் மறைந்த பதினேழாம் நாள் காலை, ஒன்பது பத்துக்கு, அது எழுந்து முப்பத்தைந்துக்குப் போனது. இரண்டு நிமிடத்தில் நீங்கள் "போதும், விடுங்க" என்றதும் இறங்கியது. நீங்கள் ஓரத்தில் 'கைச்சோதனை சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பேனாவை மாற்றினோம், மின் இணைப்பை மாற்றினோம், கருவியையே வேறு சுவரோரம் நகர்த்தினோம். அப்போதும் தினமும் ஒன்பது பத்துக்குக் கோடு வந்தது. அதன்பின் அந்த நேரத்தில் தேநீர் குடிக்கப் போகிறோம் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், அக்கா. பயந்துதான் போனோம்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அந்தக் கோட்டின் மேல் 'இரைச்சல்' என்று எழுதிய நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் பணிவு மாறாமல் அதை அடித்துவிட்டு, "இரைச்சலுக்கு நேரம் தெரியாதுங்க ஐயா" என்றீர்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதிய உணவுக்கு நிற்காமல் போய்விட்டார்.

நீங்கள் ஓய்வு பெறும் நாளன்று நண்பகலில் பழைய கருவியை அணைத்துக் கழித்துவிட வேண்டும், புதிய மின்னணுக் கருவி வரும் என்று சென்ற மாதம் ஆணை வந்தது. உங்களுக்கென எதுவும் கேட்டறியாத நீங்கள் அன்றுதான் இயக்குநர் அறைக்குள் போனீர்கள். "என்னை அனுப்புங்க சார், பரவாயில்லை. அவர் கை அதுல இருக்கும்போது மட்டும் அணைச்சிடாதீங்க" என்றீர்கள். இயக்குநர் வாக்குக் கொடுத்தார். கழித்த கருவியை உங்களுக்கே நினைவுப் பரிசாகத் தரவும் ஏற்பாடு செய்தார்.

அந்த வாக்கை எங்களால் காப்பாற்ற முடியவில்லை என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

இன்று காலை நீங்கள் நேரே இந்த விழா மண்டபத்துக்கு வந்துவிட்டீர்கள். பதினொரு ஆண்டுகளில் முதன்முறையாக ஒன்பது பத்துக்கு நீங்கள் அங்கு இல்லை. எல்லோர் சார்பிலும் இம்மடலை எழுதும், எடை போடும் அறையில் வேலை செய்யும் நான் மட்டும் கருவியின் முன் நின்றேன். கோடு ஏறியது. இரண்டு நிமிடம் ஆனது. இறங்கவில்லை. பத்து மணிக்கும் இறங்கவில்லை, பதினொன்றுக்கும் இறங்கவில்லை. இயக்குநரே வந்து கருவியின் முன் கைகட்டி நின்று, "போதும், விடுங்க அண்ணே" என்று சொல்லிப் பார்த்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நண்பகலில் வேறு வழியின்றி மின்சாரத்தை நிறுத்தினோம். பதினொரு பேனாக்கள் நின்றன. ஏழாவது நிற்கவில்லை. கருவியைப் பெட்டிக்குள் வைக்கும்போது நீங்கள் வெட்டிய கம்பியின் முனை என் கையில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

மேடையில் உங்கள் வலப்பக்கம் சிவப்புத் தாள் சுற்றியிருக்கும் பெட்டி அதுதான். உள்ளே காகிதம் இப்போதும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அவரை விடச் சொல்லும் உரிமை உங்கள் ஒருவருக்கே உண்டு. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் விருப்பம்.

பிணியின்றி, பிரிவின் சுமையின்றி, நல்லுறக்கமும் நற்சுற்றமும் சூழ நீங்கள் நெடுநாள் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம். அவசரமில்லை, அக்கா. சுருளில் இன்னும் நாற்பது நாளுக்குக் காகிதம் இருக்கிறது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே கொண்டுவந்து மாட்டித் தருகிறோம்.

என்றும் உங்கள் அன்பு மறவா,
குளிர்காப்பு ஆய்வக ஊழியர்கள்