பயம் போடாத ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் என் நண்பன் ஷிப்லி கிராண்ட்பாஸிலிருந்து எங்கள் வீட்டுக்கு எப்போதும் பஸ்ஸில்தான் வருவான், எப்போதும் பிந்தித்தான் வருவான். கடந்த ஞாயிறும் பிந்தினான். அதற்காக நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன், சேர்.

என் பெயர் வரதராசா. வயது நாற்பத்தாறு. இரத்மலானையில் ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞர். தாரிகாவைக் கலியாணம் செய்து பத்தொன்பது வருடம், பிள்ளைகள் இல்லை. எங்கள் ஒழுங்கையில் விசாரித்துப் பாருங்கள், நான் குரல் உயர்த்தி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேல்மாடிக்காரர் தண்ணீர்த் தொட்டியை வழியவிட்டபோதுகூட நான் ஒரு துண்டுக் கடிதம்தான் எழுதிப் போட்டேன்.

நடந்ததைச் சொல்லுமுன் எங்கள் விளையாட்டைச் சொல்ல வேண்டும். கணினியில் ஆடும் போர் விளையாட்டு அது. வரலாற்றில் ஒன்றையொன்று கண்ணாலும் கண்டிராத படைகளை அதில் மோதவிடலாம். ரோமாபுரிக் கேடயக்காரரை மொங்கோலியக் குதிரைப்படையோடு பொருதவிடலாம். நான் எப்போதும் ஒரே படையைத்தான் எடுப்பேன்: பழைய அரசர் காலத்து வாள்வீரர் இரண்டாயிரம் பேர், தொண்ணூறு யானைகள். எதிரே ஷிப்லி இந்தக் காலத்துத் துப்பாக்கிக்காரர் அறுபது பேரை நிறுத்துவான். சுடச்சுட என் ஆட்கள் விழுவார்கள். விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு பின்வரிசை வரும், அதற்குப் பின்னால் அடுத்த வரிசை வரும். கடைசியில் ஒரு முந்நூறு பேராவது போய்ச் சேர்ந்து அந்த அறுபது பேரையும் வெட்டிச் சாய்ப்பார்கள். ஷிப்லி அலறல் சத்தத்தைக் குறைக்கச் சொல்வான். நான் குறைப்பதில்லை.

படைகளுக்குப் பயம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. பயம் போட்டால் சண்டையின் நடுவே ஆட்கள் சிதறி ஓடுவார்கள். யாருடைய வீட்டில் ஆடுகிறோமோ அவர் வைத்ததே சட்டம் என்பது எங்கள் வழக்கம். மூன்று வருடமாக என் வீட்டில்தான் ஆட்டம். மூன்று வருடமாக நாங்கள் பயம் போட்டதில்லை.

ஜனவரியில் தாரிகா சுகிர்தனை வீட்டுக்கு அழைத்தாள். அவள் பிரஷர் குளிசை வாங்கும் மருந்துக்கடையில் வேலை செய்பவன். கிருலப்பனையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான், சொந்த இடம் முல்லைத்தீவுப் பக்கம். ஞாயிறுகளில் தனியே கிடக்கிறான் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. நல்ல பிள்ளை. செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றி, மற்றவர்களின் செருப்பையும் சேர்த்து ஒழுங்காக வைப்பான். முதல் நாள் என் ஆட்டத்தை முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, ஆக்கள் இப்பிடி நிக்கமாட்டினம்,” என்றான் பிறகு. “முன்னுக்கு நிக்கிறவை விழுந்தால் மிச்சம் ஓடும். ஓடேக்கதான் கனபேர் சாகிறது. நான் கண்டனான்.”

கடைசி யுத்தத்தின்போது அவன் பதினாறு வயதில் அங்கே நின்றவன். நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவன். பொத்தானை அழுத்திப் பயத்தைப் போட்டோம். நாற்பது விநாடியில் என் படை உடைந்தது.

“ஒங்கட யானை ஒங்கட ஆக்களயே மிதிச்சிட்டு ஓடுது, பாருங்க,” என்று ஷிப்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அதற்குப் பிறகு பயம் போடாமல் ஆட இரண்டு பேரும் சம்மதிக்கவில்லை. என் வீடு, என் சட்டம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. தொடர்ந்து பதினான்கு ஞாயிறு தோற்றேன். தாரிகாவும் அவர்கள் பக்கம்தான். “அந்தப் பெடியன் சொன்னால் சரியாத்தான் இருக்கும். நீங்கள் எங்க சண்டையைக் கண்டனீங்கள்?” என்றாள். அது எனக்குச் சுட்டது.

குடும்ப விவரமும் கேட்டீர்கள். எண்பத்து மூன்று கலவரத்தின்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம், எனக்கு ஐந்து வயது. வாசலுக்கு ஆட்கள் வந்தபோது அப்பா பின்மதிலால் ஏறிக் குதித்துவிட்டார். அம்மாவும் நானும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அடுத்த வீட்டுச் சிங்கள அம்மா எங்களை உள்ளே இழுத்துப் பூட்டியதால் தப்பினோம். அப்பா மூன்றாம் நாள் வந்தார். பிறகு முப்பது வருடம் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நடந்த காரியத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அளந்து பார்க்காமல் எதையும் நம்புவது என் தொழிலுக்கு ஆகாது. முதலில் ரயில் பாதையோரத்து நாய்களில் பார்த்தேன். ஒன்றை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றால் மற்றவை எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்று குறித்துக்கொண்டேன். எல்லா நாய்களும் ஓடின. நாயை வைத்து மனிதனைக் கணிக்க முடியாது என்பது எனக்கு முதலே தோன்றியிருக்க வேண்டும், ஆறு நாய்கள் வீண்.

ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்குச் சுகிர்தன் வந்து கணினியின் முன் உட்கார்ந்தான். முன்கதவை அகலத் திறந்து வைத்திருந்தேன். அவனிலிருந்து கதவு நான்கு அடி, நான் பதினொரு அடி. அவன் ஓடினால் துரத்துவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ஓடியிருந்தால் அவன் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டு, ஆயுசு முழுக்கப் பயம் போட்டே ஆடியிருப்பேன். இதைவிட நியாயமாக ஒருவனைச் சோதிக்க முடியாது.

ஆனால் அவன் காணும்படி முன்வரிசையில் ஒருவர் விழ வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லை.

தாரிகா தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். “உங்கட கோப்பையில சீனி கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றாள். தேங்காய் உடைக்கும் மன்னாக் கத்தியை அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். முதல் வெட்டு தோளில் இறங்கியது, இரண்டாவது கழுத்தடியில். அவள் விழுந்ததைவிடத் தட்டு விழுந்ததுதான் பெரிதாகக் கேட்டது. கீழே கிடந்தபடி அவள் என் பெயரைச் சொன்னாள். பத்தொன்பது வருடத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சுகிர்தன் எழும்பினான். கதவைப் பார்த்தான். வலது கால் அந்தப் பக்கம் திரும்பியதைக்கூட நான் கண்டேன். பிறகு என்னை நோக்கி வந்தான்.

“அக்காவை விடுங்கோ, அண்ணை,” என்றான். “காணும் அண்ணை, நிப்பாட்டுங்கோ.”

காற்சட்டை நனைந்திருந்தது, ஆகவே பயம் இருந்தது. அவளுக்கு மேல் கவிழ்ந்து, தலையை அவள் தலையோடு சேர்த்துக்கொண்டான். நான் ஏழு தடவை வெட்டினேன். தடுத்த கையில் மூன்று விரல்கள் போயின, பிறகு முதுகு, பிறகு பிடரி. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் சற்று நிறுத்தி, ஓடுவதற்கு அவகாசம் கொடுத்தேன். எலும்பில் மாட்டிய கத்தியைக் காலால் மிதித்து இழுக்க வேண்டியிருந்தது. அவன் கடைசி வரை அவளை விட்டு நகரவில்லை. அவன் மேல் எனக்கு மரியாதை உண்டு, சேர். மனிதன் நிற்பான் என்று நான் சொன்னதை அவனே காட்டித் தந்தான்.

தாரிகா பிழைத்துக்கொள்வாள் என்று நேற்றுச் சொன்னீர்கள். நல்லது. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நான் வெட்டி முடித்த நேரத்தில்தான் ஷிப்லி வந்தான், கையில் வட்டிலப்ப இனிப்புப் பெட்டி. பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

“கத்தியப் போடுங்க,” என்றான். “நான் போகமாட்டேன்.”

நீங்கள் எழுதிய பொலிஸ் அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். தாரிகாவை வெட்டியது நான். சுகிர்தனைக் கொன்றது நான். இரண்டு கிழமையாக யோசித்துத்தான் செய்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு வரியில் மட்டும் பிழை இருக்கிறது. கதிரையைக் கண்டதும் சந்தேகநபர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குளியலறையில் ஒளிந்திருந்தார் என்று இருக்கிறது. நான் கை கழுவப் போனேன். தாழ்ப்பாளைப் பழக்கத்தில் போட்டிருப்பேன். நீங்கள் கதவை உடைக்கும் வரை நாற்பது நிமிடம் என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். ஓடிப்போய் என்ற அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டுத் தாருங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைக்கிறேன்.