அரை இஞ்ச்

வக்கீல்: தொடாதீங்கம்மா! கையை எடுங்க, கையை எடுங்க!

அண்ணி: ஐயோ… ஏங்க, ஷாக் அடிக்குமா?

வக்கீல்: அது சிவப்புப் படை, உங்க கொழுந்தனோடது. உங்க வீட்டுக்காரர் படை நீலம். எதிராளி பொம்மை மேல விரல் படக்கூடாது. பொம்மைப் படை வச்சுப் போர் ஆடற இந்தக் கிளப்புக்கு முதல் சட்டமே அதுதான்.

அண்ணி: தூசியா இருந்துச்சு, தட்டலாம்னு பாத்தேன்.

வக்கீல்: தூசியும் அவன் தூசிதான்.

தம்பி: விடுங்க வக்கீல். எங்க அண்ணிதானே.

வக்கீல்: அண்ணியா இருந்தா என்ன, ஆண்டவனா இருந்தா என்ன. சட்டம்னா சட்டம்.

அண்ணி: பல் செட் கட்டற மனுஷனுக்குச் சும்மாவா வக்கீல்னு பேர் வச்சாங்க!

வக்கீல்: சிரிங்க, சிரிங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கு முடிச்சாகணும். பாதியில நிக்கற சண்டையைக் கலைக்கக் கூடாதுன்னு மூணு மாசமா இந்த மேஜையைப் போர்வை போத்திப் பாதுகாத்துட்டு இருக்கோம். அடுத்த ஞாயிறு போட்டி. வெளியாளுங்க வராங்க. மேஜை வேணும்.

தம்பி: முடிச்சிடறோம். ரெண்டு சுத்துதானே பாக்கி.

வக்கீல்: போன வாரமும் ரெண்டு சுத்துதான் பாக்கின்னே.

அண்ணி: ஆமா, இது என்ன… பாலத்து மேல சோடா மூடி?

வக்கீல்: அது மூடி இல்லம்மா, கொடிக்காரன். உங்க வீட்டுக்காரர் படையோட கொடிக்காரன். அன்னிக்கு நடந்த கலாட்டால எங்கேயோ விழுந்துட்டான். மேஜைக்கு அடியில, பீரோவுக்கு அடியில, எல்லாம் தேடியாச்சு. அதான் அவன் இடத்துல மூடி.

அண்ணி: ஓ…

வக்கீல்: சரி, நான் கீழ போய் டீ சொல்லிட்டு வரேன். அளக்கறப்ப டேப்பை இறுக்கிப் பிடிங்க. அன்னிக்கு மாதிரி ஆகக் கூடாது.

அண்ணி: எனக்குச் சர்க்கரை இல்லாம.

தம்பி: …போயிட்டாரு. உக்காருங்க அண்ணி. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க.

அண்ணி: உன் பையை அந்தப் பக்கம் தள்ளி வை. டர்பன்டைன் வாடை குப்புன்னு அடிக்குது.

தம்பி: போர்டு எழுதறவன் பையில பின்ன பன்னீரா இருக்கும்? அண்ணன் ஆட்டத்துக்கு எழுதின சீட்டு?

அண்ணி: இந்தா. கையைத் துடைச்சிட்டு வாங்குடா. விரலெல்லாம் பெயிண்ட்.

தம்பி: இது காஞ்சது அண்ணி, ஒட்டாது. …அண்ணன் இதையும் இடது கையாலதான் எழுதினாரா?

அண்ணி: வலது பக்கம்தான் விழுந்துபோச்சே. எழுத்து கோணல்மாணலா இருக்கும், கண்டுக்காதே.

தம்பி: பேச்சு?

அண்ணி: வரல.

தம்பி: சாப்பாடு?

அண்ணி: கஞ்சியா ஊட்டினா நாலு ஸ்பூன் இறங்குது. நீயும் வாராவாரம் இதைத்தான் கேக்கறே, நானும் வாராவாரம் இதைத்தான் சொல்றேன். வந்து பாக்கலாமில்ல? கடல் தாண்டியா இருக்கோம்? ரெண்டு பஸ் ஸ்டாப்.

தம்பி: வரணும் அண்ணி. ஒரு மருந்துக்கடை போர்டு, அவசரம்னு…

அண்ணி: போன வாரம் துணிக்கடை. அதுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடச் சுவர். ஊரெல்லாம் கொட்டை எழுத்துல எழுதறே, அண்ணன் வீட்டு அட்ரஸ் மட்டும் மறந்துபோச்சு.

தம்பி: …சீட்டைப் படிக்கறேன். ‘பாலத்துல நிக்கறவங்க மூணு இஞ்ச் பின்னால வரட்டும். மத்தளம் அடிக்கற பையனை மரத்துக்குப் பின்னால நிறுத்து. குதிரைங்களுக்கு இந்தச் சுத்து ஓய்வு.’

அண்ணி: ம். அப்படியே நகத்திடறேன். மூணு இஞ்ச்… டேப்பைப் பிடி. இங்கதானே?

தம்பி: இன்னும் கொஞ்சம்… போதும்.

அண்ணி: இந்தச் சண்டை நிஜமா நடந்ததுதானே?

தம்பி: இருநூறு வருஷம் ஆச்சு. இதே ஆறு, இதே பாலம். அந்த மாவு மில்லுகூட அண்ணன் படம் பாத்துத் தீக்குச்சியில செஞ்சதுதான்.

அண்ணி: யார் ஜெயிச்சா?

தம்பி: சிவப்பு. நீலம் பாலத்தை விட்டுட்டு ஓடிடுச்சு.

அண்ணி: அப்பறம் அவரு ஏன் எப்பவும் நீலத்தையே எடுக்கறாரு?

தம்பி: ‘தோத்தவன் பக்கமும் ஒருத்தன் நிக்கணும்டா’ம்பாரு. அந்தத் தோத்த படையை வச்சே பதினோரு வருஷமா என்னை அடிச்சிருக்காரு. எந்தச் சண்டை எடுத்தாலும் சரி… ஜெயிச்சவன் பக்கம் நான், தோக்கறதும் நான். கிளப்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? ‘அண்ணன் சாப்பாடு.’

அண்ணி: யாரு வச்சது?

தம்பி: யாரோ. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் மட்டும் சிரிக்கல.

அண்ணி: …அன்னிக்கு என்னடா ஆச்சு?

தம்பி: எதுக்கு அண்ணி அதெல்லாம் இப்ப?

அண்ணி: மூணு மாசமா நான் கேக்கல. இன்னிக்குக் கேக்கறேன். சொல்லு.

தம்பி: கொடிக்காரன் பாலத்து முனையில நின்னான். என் குதிரைப்படை ஒரு பாய்ச்சலுக்குப் பன்னெண்டு இஞ்ச் போகும். எட்டினா கொடி எனக்கு, ஆட்டம் எனக்கு. டேப் வச்சோம். சரியா பன்னெண்டு.

அண்ணி: அப்ப உனக்குத்தானே ஜெயம்?

தம்பி: அண்ணன், ‘என் ஆள் பாலத்து முனைக் கல்லுக்குப் பின்னால ஒட்டித்தானே நின்னான், பன்னெண்டரை இருக்கணுமே’ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. நான்தான்…

அண்ணி: நீ?

தம்பி: சத்தம் போட்டுட்டேன்.

அண்ணி: என்னன்னு?

தம்பி: உங்களுக்குத் தெரியாதா?

அண்ணி: யாரும் எங்கிட்ட சொல்லல. அவரும் சொல்லல.

தம்பி: …‘தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் கள்ள அளவா? கூடப்பொறந்தவனையே ஏமாத்தறீங்களே, வெக்கமா இல்ல?’ அப்படின்னேன். இருபது பேர் நின்னாங்க அண்ணி.

அண்ணி: அவரு?

தம்பி: என் மூஞ்சியைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் மேஜை மேல கை ஊனிக் குனிஞ்சு பாத்தாரு. ‘மீதியை அடுத்த வாரம் பாப்போம்’னுட்டுப் படி இறங்கிட்டாரு. வக்கீல் கிளப் நோட்டை எடுத்து ‘நீலம் தப்பளவு’ன்னு எழுதிட்டாரு, என் பாய்ச்சல் அப்படியே பாதியில நின்னுபோச்சு. மறுநாள் காலைல நீங்க போன் பண்றீங்க, அண்ணன் கடையில விழுந்துட்டாருன்னு…

அண்ணி: அழாதேடா. வக்கீல் வந்துடப் போறாரு.

தம்பி: அழல.

அண்ணி: நேத்து டாக்டர் வீட்டுக்கு வந்தாரு.

தம்பி: என்ன சொன்னாரு?

அண்ணி: நாடியைப் பாத்தாரு, கண்ணைப் பாத்தாரு. என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, ‘பாக்க வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க’ன்னாரு.

தம்பி: அவ்வளவுதானா அண்ணி?

அண்ணி: அதான் சொல்றேன். சண்டையை முடி. முடிச்சிட்டு எங்கூட கிளம்பு. அவருக்கு உன் மேல கோபம் இருந்தா வாராவாரம் இப்படிச் சீட்டு எழுதி அனுப்புவாரா?

தம்பி: அண்ணி.

அண்ணி: ம்?

தம்பி: இந்தச் சீட்டெல்லாம் அண்ணன் எழுதல.

அண்ணி: …என்னடா உளர்றே?

தம்பி: நீங்க எழுதினது.

அண்ணி: …எப்பலேர்ந்து தெரியும்?

தம்பி: முதல் சீட்டுலேர்ந்தே. எழுத்தை வச்சுப் பொழைக்கறவன் அண்ணி நான். எந்தக் கையால எழுதினாலும் எங்க அண்ணன் எழுத்து எனக்குத் தெரியாதா? சரி, எழுத்தை விடுங்க. ரெண்டாவது சீட்டுல என்ன எழுதினீங்க? ‘குதிரைங்க தண்ணி குடிச்சு நாளாச்சு, ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போ.’

அண்ணி: பாவம் இல்லையா?

தம்பி: ஈயக் குதிரை அண்ணி!

அண்ணி: எனக்கு என்னடா தெரியும் சண்டையைப் பத்தி… அந்த மத்தளக்காரப் பையனைப் பாத்தா பத்து வயசுகூட இருக்காது. அவனைக் கொண்டுபோய் முன்னாடி நிறுத்தி வச்சிருக்கீங்க.

தம்பி: அண்ணன் குதிரைக்கு ஓய்வு குடுத்து நான் பாத்ததே இல்ல.

அண்ணி: சிரிக்கறியா, அழறியா?

தம்பி: தெரியல.

அண்ணி: தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?

தம்பி: சொன்னா நீங்க வரமாட்டீங்க. அண்ணன் வீட்டுலேர்ந்து வாரத்துக்கு ஒரு சீட்டாவது வருது. அதுவும் நின்னுபோயிடும்ல. அதான் பொய்ச் சீட்டுன்னு தெரிஞ்சும் பதிலுக்கு நகத்திட்டே இருந்தேன். ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல… இழுத்துட்டே இருந்தேன்.

அண்ணி: நான் எதுக்கு எழுதினேன்னு கேக்க மாட்டியா? அவருக்குக் கோபம் இல்லன்னு உனக்குத் தோணணும். தோணினா ஒருநாள் நீ வந்து நிப்பேன்னு நெனச்சேன். வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்டா இப்பவும் அவரு கண்ணு அந்தப் பக்கம்தான்டா போகுது.

தம்பி: அப்படிச் சொல்லாதீங்க.

அண்ணி: உள்ளதைச் சொல்றேன்.

தம்பி: கோபத்துக்குப் பயந்து நான் வராம இல்ல அண்ணி. அண்ணன் எழுந்து ஓங்கி ஒரு அறை விட்டா சந்தோஷமா வாங்கிப்பேன். வராதது… அதுக்கில்ல.

அண்ணி: பின்ன? சொல்லுடா. டீ வர்றதுக்குள்ள சொல்லு.

தம்பி: அன்னிக்கு டேப் வைக்கறதுக்கு முந்தி டைஸ் உருண்டு கீழ விழுந்துச்சு. அண்ணன் எடுக்கக் குனிஞ்சாரு. எல்லாரும் கீழதான் பாத்துட்டு இருந்தாங்க. ஒரு சுவர்ல எழுதிட்டுக் கைகூடக் கழுவாம அப்பதான் நேரா வந்திருந்தேன்… பதினோரு வருஷம் அண்ணி. ஒரே ஒரு தடவை ஜெயிச்சா போதும்னு… கட்டைவிரலால லேசா… அரை இஞ்ச். கல்லுக்குப் பின்னால இருந்த கொடிக்காரனை நான்தான் முன்னால தள்ளினேன். நானே தள்ளிட்டு நானே கத்தினேன். திட்டுங்க.

அண்ணி: திட்டறதுக்கு என்ன இருக்கு.

தம்பி: எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். அண்ணனுக்குத் தெரியுமா? இல்ல, தான்தான் தப்பா வச்சுட்டோம், வயசாச்சு, கண்ணு போச்சுன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருக்காரா? முப்பது வருஷமா கண்ணாடிக் கடையில அடுத்தவன் கண்ணை அளந்த மனுஷன். அவருக்கே அவரு கண்ணு மேல சந்தேகம் வந்திருந்தா… அந்த நெனப்புலேயே அவரு போயிட்டா, நான் எப்படி அண்ணி…

அண்ணி: கையை நீட்டு.

தம்பி: என்ன?

அண்ணி: நீட்டுடா. இந்தா.

தம்பி: …கொடிக்காரன்! இவன் எப்படி உங்ககிட்ட…

அண்ணி: ஆஸ்பத்திரியில அவரு துணிமணியை ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. சட்டைப்பையில இருந்தான். அன்னிக்கு எடுத்து என் பர்ஸ்ல வச்சேன். வாராவாரம் அவனும் எங்கூடத்தான் வந்துட்டுப் போறான்.

தம்பி: அண்ணன்தான் எடுத்தாரா? எதுக்கு?

அண்ணி: திருப்பு. முதுகைப் பாரு.

தம்பி: …வெள்ளைப் பெயிண்ட்.

அண்ணி: ம்.

தம்பி: என்… என் கட்டைவிரல். அப்பவே பாத்துட்டாரா? என் மூஞ்சியை அவ்வளவு நேரம் பாத்தாரே… எல்லாம் தெரிஞ்சுதானா? அப்ப நீங்களும்? மூணு மாசமா தெரிஞ்சுக்கிட்டே எங்கூட உக்காந்து குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தீங்களா?

அண்ணி: நான் காட்டியிருந்தா நீ ஓடியிருப்பே. நீயா வாயைத் திறக்கட்டும்னு இருந்தேன்.

தம்பி: இதை இங்க எல்லாருக்கும் எடுத்துக் காட்டியிருக்கலாமே அவரு! ‘இதோ பாருங்கடா, சிவப்புக்காரன் விரல்’னு ஒரு வார்த்தை போதுமே! வக்கீல் வரட்டும். அந்த நோட்டுல அடிச்சுத் திருத்தச் சொல்றேன். இருபது பேர் முன்னாடியும் சொல்றேன்.

அண்ணி: சொல்லு. கண்டிப்பா சொல்லு. ஆனா வீட்டுக்கு வந்துட்டு அப்பறம் சொல்லு.

தம்பி: சாட்சியைக் கையில வச்சுக்கிட்டு எதுக்கு அண்ணி வாயை மூடிட்டுப் போனாரு?

அண்ணி: அன்னிக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டல. ‘வீட்டுல டர்பன்டைன் இருக்கா?’ன்னாரு. எதுக்குங்கன்னேன். ‘சின்னவன் விரல் ஒட்டியிருக்கு. அடுத்த வாரத்துக்குள்ள துடைச்சிடணும், எவனாவது பாத்துட்டா அவன் அங்க தலை நிமிந்து நிக்க முடியாது’ன்னாரு. தீந்துபோச்சு, காலைல வாங்கிக்கலாம்னு நான்தான்டா சொன்னேன்… உன் பையை எடு. அந்த பாட்டிலும் வரட்டும். அவரு பாக்கறப்பவே நீ துடைச்சுக் காட்டு, வா.