தங்கைக்கு ஒரு யுகுலேலே

மழை நாளில் நான் எதையும் ஒட்டுவதில்லை. ஈரம் ஏறிய பலகை காய்ந்ததும் வாயைப் பிளந்துவிடும். தங்கையின் யுகுலேலே, அந்த நாலு தந்திக் குட்டி கிட்டார், முடியத் தாமதமானதற்கு அதுதான் காரணம். நான் தயங்கினேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

பார்த்துப் பார்த்துச் செய்தது அது. உடம்புக்கு மஹோகனி. தட்டினால் மணி போலப் பதில் சொல்லும்வரை இழைத்தேன். பக்கப் பலகைகளை நனைத்து, சூடேறிய குழாயின் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். ஒலித்துளையைச் சுற்றிச் சிப்பியில் ஒரு கொடி. ஒவ்வொரு இலையையும் நூல் போன்ற ரம்பத்தால் அறுத்து, அதே வடிவில் மரத்தைத் தோண்டிப் பதித்தேன். எது மரம், எது சிப்பி என்று தடவினால் தெரியாது. தடவிப் பார்ப்பதெல்லாம் வலது கையால்தான். இடது கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் எனக்கு நுனி கிடையாது.

அந்த நுனிகள் போன கதையைத் தங்கையின் கச்சேரிகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். "எங்க அக்கா விரலையே மரத்துக்குக் குடுத்துட்டா. அதான் அவ செய்யற வாத்தியம் இப்படிப் பேசுது" என்பாள். ஜனம் கைதட்டும். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டுவேன். ரம்பத்தின் சுவிட்சை விளையாட்டாகப் போட்டது யார் என்பதை மட்டும் அவள் சொன்னதில்லை. அப்பாவின் பட்டறையில் நான் குனிந்து பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எனக்குப் பதினாறு, அவள் சிறுமி. "அக்காவேதான் போட்டுக்கிட்டா" என்று அழுதாள். அப்பா நம்பினார். வாசிக்க வேண்டியவள் நான். பெரியவளுக்குக் கை, சின்னவளுக்கு வாய் என்று எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரே சொல்வார். அடுத்த மாதத்திலிருந்து அந்த வாத்தியார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நான் சண்டை போடவில்லை. ஒரு கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் மெதுவாகத்தான் கேட்டேன்.

"சுவிட்சை யாரு போட்டான்னும் ஒரு தடவை சொல்லேன்டி."

"அட போக்கா, அதைச் சொன்னா கதையில சுவாரஸ்யமே போயிடும்" என்று சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, "எனக்குப் புதுசா ஒண்ணு பண்ணிக் குடேன். உன் கையால" என்றாள்.

சரி என்றேன்.

விரல் படும் பலகைக்குக் கருங்காலி போடுவது வழக்கம். நான் சிவப்பு ரோஸ்வுட் போட்டுக் கறுப்புச் சாயம் ஏற்றினேன். அந்த மரம் அவளுக்கு ஆகாது. சின்ன வயதில் ஒரு நாள் பட்டறையைப் பெருக்கியவளுக்கு முகம் வீங்கி, கையெல்லாம் கொப்புளித்து, மூச்சு இழுத்துக்கொண்டது. இனி அது மேலே படவே கூடாது, ஒவ்வொரு தடவையும் முன்பைவிட மோசமாகும் என்றார் டாக்டர். அன்றோடு அப்பா அந்த மரத்தைப் பட்டறைக்குள் விடவில்லை. தேடிப் பிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மெருகு பூசாமல் எண்ணெய் மட்டும் தேய்த்தேன். மெருகு பூசினால் விரலுக்கும் மரத்துக்கும் நடுவே திரை விழுந்துவிடும். வாசிக்கிறவளுக்கு அது நல்லதல்ல.

வாசிக்க ஆரம்பித்ததும் முதலில் அவள் விரல்கள் அரித்தன. பிறகு தோல் உரிந்து வெடித்தது. தந்தியை அழுத்தினால் ரத்தம் கசிந்தது. சோப்பை மாற்றினாள், டாக்டரை மாற்றினாள். வாத்தியத்தை மட்டும் மாற்றவில்லை. அக்கா கொடுத்ததாயிற்றே. நான்தான் போய்க் களிம்பு தடவிவிட்டேன், ஒவ்வொரு விரலாக, நுனிவரைக்கும். "அம்மா இருந்தாக்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டா" என்று அழுதாள். கடைசியில் கச்சேரிகளை விட்டாள். அன்று எனக்கு நல்ல தூக்கம். அதோடு நானும் விட்டிருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆனால் அவள் இடிந்துபோகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றாள். அம்மாவைப் போலவே வாய் ஓயாத குட்டி. வீட்டில் அந்த யுகுலேலேயைக் கட்டிக்கொண்டே கிடப்பாளாம். அவள் உள்ளங்கையில் சின்னச் சின்னதாகச் சிவந்து தடித்திருந்ததை நான் பார்த்தேன்.

"என் விரல் போனா என்னக்கா, இவ இருக்காளே. கையைப் பாரு, அப்படியே உன் கை. இவளுக்கும் ஒண்ணு பண்ணிக் குடு."

அப்படியே உன் கை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

"கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். பெரியம்மாகிட்ட சமத்தா இரு" என்று குட்டியை விட்டுவிட்டுப் போனாள்.

நான் எதையும் திணிக்கவில்லை. "நானும் செய்யறேன் பெரியம்மா" என்று குட்டியேதான் கேட்டாள். சிவப்பு மரத்துண்டு ஒன்றையும் உப்புத்தாளையும் கொடுத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து தேய்த்தாள். தூசி அவள் மடியில், இமையில், உதட்டில் படிந்தது. முகமூடி ஆணியில் தொங்கியது, ஆனால் அது பெரியவர்கள் அளவு. அம்மாவின் உடம்புவாகு மகளுக்கும் வந்திருக்குமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

"வாசனையா இருக்கு பெரியம்மா" என்றாள். கொஞ்ச நேரத்தில் மூக்கைக் கசக்கினாள். இருமினாள். "போதுமா?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம் இன்னும் சொரசொரன்னு இருக்கு பாரு."

தேய்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை. பிறகு அவள் பேச்சு நின்றது. மூச்சில் விசில் போல ஒரு சத்தம் வந்தது, அவள் அம்மாவுக்கு அன்று வந்த அதே சத்தம். தங்கை வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன்.

வந்தவள் தரையில் கிடந்த தூசியைப் பார்த்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது அந்த மரமா?"

"ஆமா. உன் வாத்தியத்துலயும் அதேதான்."

கடைப் பையை அப்படியே போட்டாள். குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று காலையில் ஸ்டேஷனில் நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

பட்டறையின் ஜன்னல்களையெல்லாம் சாத்தியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். அந்தத் தூசி பொல்லாதது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?